கடல் மணல்ல புதைஞ்ச விமானத்தை எடுத்து மறுபடி பறக்க விட்டா அது அதே விமானமா?

இறக்கைப்பைத்தியம்:
என்-3200ங்கிற நம்பர் போட்ட ஸ்பிட்ஃபயர், அதான் ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் ஓட்டின சண்டை விமானம், அதைப் பத்தி படிச்சேன். 1940 மே மாசம் டன்கிர்க் சண்டையில அடிபட்டு பிரான்ஸ் கடற்கரையில இறங்கி, மணலுக்குள்ள புதைஞ்சு, 1986ல எடுத்து, 2014ல பறக்கவும் விட்டுட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இத்தனை வருஷம் உப்பு மணல்ல கெடந்த அலுமினியத்தை நம்பி எவன் ஏறுவான்? எல்லாத்தையும் புதுசா செஞ்சுட்டு பழைய நம்பரை மட்டும் போட்டுக்கிறாங்களா?

ரிவெட்மண்டை:
ஏறக்குறைய அப்படித்தான். பறக்கணும்னா இறக்கை, தகடு, ரிவெட்டுனு பெரும்பாலும் புதுசு, நம்பரும் வரலாறும்தான் பழசு. டேட்டா பிளேட், அதாவது விமானத்தோட நம்பர் பொறிச்ச சின்னத் தகடு, அது மட்டும் மிஞ்சி அதைச் சுத்தி முழு விமானமே கட்டுற ஆளுங்களும் உண்டு, அதை நான் ரீஸ்டோரேஷன்னு ஒத்துக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, இது எந்த விமானம்னு கண்டுபிடிக்கிறதே பெரிய வேலை. ஸ்பிட்ஃபயரோட முதல் மாடலான மார்க் 1 பாகங்கள்ல பார்ட் நம்பர் 300னு ஆரம்பிக்கும், அதைச் செஞ்ச சூப்பர்மரீன் கம்பெனியில அந்த டிசைனோட டைப் நம்பர் அது. அதனால கை அகலத் துண்டு கெடச்சாக்கூட வகையைச் சொல்லிடலாம், ஆனா குறிப்பா எந்த விமானம்னு சொல்ல என்ஜின் நம்பர், ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) ரெக்கார்டு எல்லாம் ஒத்துப் போகணும், ஒண்ணு மட்டும் வச்சு முடிவு பண்ணா ஏமாந்துடுவோம், ஏன்னா என்ஜினை மாத்தி மாத்திப் போடுறது அப்போ சகஜம்.

துருப்பிடிச்சவன்:
பறக்க விடுறதை விடுங்க, அப்படியே காப்பாத்தி வைக்கிறதே லேசுப்பட்ட விஷயம் இல்ல. கடலுக்கடியில ஒரு மாதிரி அடங்கிக் கெடக்கும், வெளிய எடுத்து காத்து பட்டதும் உள்ள ஊறியிருக்கிற கடல் உப்போட குளோரைடு அலுமினியத்தை வேகமா அரிக்க ஆரம்பிச்சிடும், இரும்பு போல்ட்டு ஒட்டியிருக்கிற இடம்னா இன்னும் மோசம். 2013ல இங்கிலாந்து பக்கம் குட்வின் சாண்ட்ஸ்ங்கிற கடல் மணல் திட்டுல தூக்கின டோர்னியர் 17ங்கிற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தை காஸ்ஃபோர்டுல இருக்கிற மியூசியத்துக்குக் கொண்டு போய், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள வச்சு சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணியை விடாம தெளிச்சாங்க. தூக்குறதுக்கு முன்னாடியே இந்த ஏற்பாடு இல்லேன்னா தொடவே கூடாதுங்கறது என் கட்சி.

நல்ல தண்ணின்னா கதையே வேற. 1942ல திர்பிட்ஸ்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போன ஹாலிஃபேக்ஸ், அதாவது பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒண்ணு நார்வேல உறைஞ்ச ஏரி மேல இறங்கி முழுகிடுச்சு, 1973ல எடுத்தாங்க, இப்பவும் லண்டன் ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) மியூசியத்துல பெரும்பாலும் எடுத்த கோலத்துலயே நிக்குது. என்னைக் கேட்டா அதுதான் நிஜமான அதே விமானம்.

இறக்கைப்பைத்தியம்:
ஓ அப்போ பறக்காததுதான் ஒரிஜினலா 😀 சரி, டைவிங் போறவன் ஒருத்தன் பாத்துட்டான்னா அவனே எடுத்துக்கலாமா?

ரிவெட்மண்டை:
ஐயோ, கைய வச்சிடாதீங்க. பிரிட்டன்ல 1986 சட்டப்படி ராணுவ விமானம் விழுந்த இடம் எல்லாமே பாதுகாக்கப்பட்டது, லைசென்ஸ் வாங்காம தோண்டினா குற்றம், உள்ள ஆள் உடம்பு இருக்கலாம்னு தெரிஞ்சா பொதுவா லைசென்ஸே கிடைக்காது. அமெரிக்க நேவி எத்தனை வருஷம் ஆனாலும் தன் விமானத்தோட உரிமையை விடாது, 2004ல அதுக்குனே சட்டமும் வந்துச்சு. மிச்சிகன் ஏரியில பயிற்சியில விழுந்ததை எடுத்தாக்கூட அது நேவி சொத்துதான். சட்டத்தை விட்டாலும் வெடிக்காத குண்டு இருக்கும், பழைய டயல்ல இருட்டுல மின்ன ரேடியம் பூசியிருப்பாங்க, சும்மா கழட்டிப் பாக்குற சாமான் இல்ல.

மணல்காத்து:
லேட்டா வரேன். 2012ல எகிப்து பாலைவனத்துல கிட்டிஹாக்ங்கிற போர்க்காலச் சண்டை விமானம் ஒண்ணு கெடச்சது ஞாபகம் இருக்கா, 1942ல இறங்கினது, மழை இல்லாத இடம்ங்கறதால அவ்ளோ முழுசா இருந்துச்சு. அதை எல் அலமெய்ன் மியூசியத்துக்குக் கொண்டு போய் பளபளன்னு புது பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. உப்பும் அரிக்கல, ஏரியும் முழுங்கல, பிரஷ்ஷை எடுத்த மனுஷன் முடிச்சு விட்டான். போட்டோவை தேடிப் பாருங்க, வயிறு எரியும்.