சிலாவெர்ட்: கோல்களைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன?

வலைக்காவலன்:
பராகுவேயின் ஹோசே லூயிஸ் சிலாவெர்ட் பேச்சு வந்தாலே "60 கோலுக்கு மேல் அடித்த கோல்கீப்பர், அதில் 8 நாட்டுக்காக" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பெனால்ட்டி. 1999-இல் ஃபெர்ரோ அணிக்கு எதிரான ஹாட்ரிக்கிலும் மூன்றுமே பெனால்ட்டிதான். நன்றாக உதைக்கத் தெரிந்த யார் எடுத்தாலும் நாலில் மூன்று உள்ளே போகும். அதற்குக் கோல்கீப்பர் எதற்கு? அந்தக் கோல்களைக் கழித்தால் 90-களின் நல்ல கீப்பர்களில் ஒருவர், அவ்வளவே.

இடதுகால்:
கழித்தே பார்ப்போம் சார். 1998 உலகக் கோப்பை: பல்கேரியாவுடன் 0-0, ஸ்பெயினுடன் 0-0, நைஜீரியாவை 3-1. பிரான்சுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் லோரான் பிளாங்கின் கோல்டன் கோல் (விழுந்ததும் ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) விழும்வரை வலை அசையவில்லை. நாலு ஆட்டம், விட்ட கோல் 2, அவர் அடித்த கோல் பூஜ்யம். ஆனாலும் பிரான்ஸ் கீப்பர் பார்த்தேஸுடன் சேர்த்து அவரையும் தொடரின் சிறந்த அணியில் வைத்தார்கள்.

வலைக்காவலன்:
முன்னால் கமர்ரா, அயாலா, ஆர்சே என்ற தடுப்பாட்டக்காரர்கள் நின்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்தத் தொடரில் கமர்ரா ஒரு ஃபவுல்கூடச் செய்யவில்லை. கோலுக்குப் பக்கத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக்கை எளிதில் கொடுக்காத டிஃபென்ஸுக்குப் பின்னால் நிற்பது பெரிய வசதி. 2002 உலகக் கோப்பையில் ஸ்பெயின் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோல்முன் தூக்கிப் போடும் பந்து) போடப் போட அவர் தடுமாறினார்; மொரியன்டெஸ் இரண்டு அடிக்க, ஆட்டம் 3-1.

இடதுகால்:
2002-இல் அவருக்கு 36 வயது. ஒரு கீப்பரை உச்சத்தில் வைத்து எடை போடுவதுதான் முறை. 1994 லிபர்டடோரஸ் (தென் அமெரிக்க கிளப்புகளின் கோப்பை) இறுதி, மொரும்பி மைதானம், எதிரே பிரேசிலின் சாவோ பாலோ. டைபிரேக்கரில், அதாவது ஆட்டம் முடிந்தபின் மாறி மாறி எடுக்கும் பெனால்ட்டிகளில், பால்ஹின்யா உதைத்ததைத் தடுத்தார், தன் உதையையும் உள்ளே போட்டார். அவருடைய அர்ஜென்டினா கிளப் வெலெஸுக்கு 5-3 வெற்றி. அதே வருடம் டோக்கியோவில் இத்தாலியின் மிலனை 2-0 என்று வென்றபோதும் வலை காத்தவர் அவர்தான்.

மூன்றாம்கண்:
டைபிரேக்கரையும் ஆட்டத்துக்கு நடுவில் எடுக்கும் உதையையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். டைபிரேக்கரில் திரும்பி ஓட வேண்டியதில்லை. ஆபத்து ஃப்ரீ கிக்கில்தான். 25 மீட்டரிலிருந்து உதைத்தால் சொந்த கோலுக்கு 80 மீட்டர். முழு வேகத்தில் ஓடினாலும் 10 விநாடிக்கு மேல் ஆகும். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் பிரச்சினை இல்லை, கோல் கிக் வைப்பதற்குள் வந்துவிடலாம். எதிரணி கீப்பர் பிடித்து உடனே வீசினால் சிக்கல். எதிரே வரிசையாக நிற்கும் வீரர்களின் சுவரில் பட்டு நடுக்களத்துக்கு விழுந்தால் அதைவிட மோசம்.

கோல் விழுந்த பிறகும் ஆபத்து உண்டு. ஸ்பெயின் கிளப் ஸரகோசாவில் இருந்தபோது ரியல் சோசியடாடுக்கு எதிராகப் பெனால்ட்டியை அடித்துவிட்டு அவர் திரும்பிக்கொண்டிருக்கும்போதே கிக்-ஆஃப் எடுத்து காலி வலையில் போட்டுவிட்டார்கள். தடுக்க எளிய வழி இருக்கிறது. கிக்-ஆஃபுக்கு எல்லோரும் அவரவர் பாதியில் நிற்க வேண்டும் என்பது விதி. சக வீரர் ஒருவர் எதிர்ப் பாதியில் நிதானமாக நடந்தாலே போதும், நடுவர் விசில் ஊத முடியாது.

இடதுகால்:
அருமையான விளக்கம். ஆபத்து இருந்தும் பயிற்சியாளர்கள் அவரை முன்னால் அனுப்பினார்கள் என்றால் அந்த இடதுகால் அவ்வளவு மதிப்பு. செப்டம்பர் 1996, புவெனஸ் ஐரிஸ், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. அர்ஜென்டினா கீப்பர் புர்கோஸைத் தாண்டி ஃப்ரீ கிக் உள்ளே போனது, 1-1. பெனால்ட்டி இல்லை சார் அது. அதே வருடம் வெலெஸுக்காக ரிவர் பிளேட் கிளப்புக்கு எதிராகத் தன் பாதியிலிருந்தே உதைத்தார். அங்கேயும் முன்னேறி நின்று ஏமாந்தவர் இதே புர்கோஸ்தான்.

வலைக்காவலன்:
இரண்டும் அபாரமான உதைகள், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே காலின் திறமை. நான் கேட்பது கையைப் பற்றி. கிராஸுக்கு வெளியே வருவதில் அவர் பிரேசில் கீப்பர் தாஃபரெலைவிட மேல் என்று ஒரு ஆட்டத்தைக் காட்டுங்கள், பேசலாம். 2001-இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்ற கடைசி பெனால்ட்டியை அடுத்துக் கொண்டுவருவீர்கள். அதே சீசனில் அவருடைய கிளப் ஸ்ட்ராஸ்பூர்க் முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியதையும் சேர்த்தே எழுதுங்கள்.