செம்பனை லோரி ஓட்டுற கண்ணுக்கு லேசர்: சுங்கை சிப்புட் தாமான் குழு

*பார்வதி அக்கா, 8:12*
எல்லாருக்கும் வணக்கம். ரூபன் கண்ணாடியை விட்டுட்டு லேசர் செய்யணும்னு நிக்கிறான். ஈப்போவுல போய் டெஸ்ட்டும் எடுத்துட்டு வந்துட்டான். பாதி நாள் ராத்திரி ஓட்டம் அவனுக்கு. லேசர் செஞ்சா இருட்டுல கண்ணு தெரியாமப் போயிரும்னு இங்க பேசிக்கிறாங்க. தேவி, மாலா மிசி, கொஞ்சம் விவரம் சொல்லுங்க.

*தேவி (கண்ணாடிக் கடை), 8:16*
அக்கா, மாலைக்கண் வேற, இது வேற. இருட்டுல பாக்குற வேலை கண்ணுக்குப் பின்னாடி விழித்திரையில நடக்குது. லேசர் அங்க போறதே இல்ல. அது கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழியை (கார்னியா) மட்டும் சீவி வளைவை மாத்துது. அதனால இருட்டுல குருடாகாது. ஆனா எதிர்ல வர்ற லைட்டைச் சுத்தி வளையம், நட்சத்திரம் மாதிரி கோடு கோடா சிதறல், கூச்சம், மங்கல் வரலாம். லோரி ஓட்டுறவனுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

ரூபன், ரிப்போர்ட்ல நாலு எண் பாரு: பவர், சிலிண்டர் (வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததுக்கான பவர்), கருவிழியோட தடிப்பு, இருட்டுல கண் பாப்பாவோட (நடுவுல வெளிச்சம் நுழையுற கருப்புத் துளை) அளவு.

*ரூபன், 8:21*
பவர் 400, சிலிண்டர் 100, ரெண்டு கண்ணும் அதே. தடிப்பு 520 மைக்ரான், அதாவது அரை மி.மீ. சொச்சம். பாப்பா அளவு ரிப்போர்ட்ல இல்லையே அக்கா.

*தேவி, 8:22*
அதைக் கேட்டு வாங்கு, அது இல்லாம முடிவு பண்ணாத. அறை லைட்டைப் போட்டுட்டு அளந்தா 4, 5 மி.மீ.ன்னு காட்டும். அது உன் ஜாலான் லிந்தாங் ராத்திரிக்கு உதவாது. லைட்டை அணைச்சு, கண்ணு இருட்டுக்குப் பழகினதும் அளக்கணும். உன் வயசுல 6லிருந்து 8 மி.மீ. வரைக்கும் விரியும். வயசாக ஆக சுருங்கிரும்.

*ரூபன், 8:24*
பாப்பா விரிஞ்சா என்ன ஆகும்?

*தேவி, 8:31*
லேசர் கருவிழி முழுசையும் சீவாது. நடுவுல ஒரு வட்டத்துல மட்டும்தான் பவர் சரியாகும். அதை ஆப்டிக்கல் ஸோன்னு சொல்வாங்க, 6லிருந்து 7 மி.மீ. அகலம். அதைச் சுத்தி சரிவா ஒரு ஓரம். பகல்ல பாப்பா 3 மி.மீ.தான், எல்லா வெளிச்சமும் நல்ல வட்டத்துக்குள்ள வருது. ராத்திரியில பாப்பா 7ஐத் தாண்டினா அந்த ஓரத்து வழியாவும் வெளிச்சம் நுழையும். ஓரத்துல வளைவு வேற, அதனால அந்த வெளிச்சம் வேற இடத்துல குவியும். அதுதான் வளையம்.

இன்னொண்ணும் இருக்கு. கிட்டப்பார்வைக்கு நடுவைத் தட்டையாக்குறதால கருவிழியோட இயற்கை வடிவம் மாறிடுது. வட்டத்துக்கு உள்ளேயே ஓரத்துக் கதிர் ஒரு மாதிரி, நடுக் கதிர் ஒரு மாதிரி வளையும். பவர் கூடக் கூட இதுவும் கூடும். அதனாலதான் பாப்பா சின்னதா இருந்தும் சிலருக்கு வளையம் வருது, பெருசா இருந்தும் சிலருக்கு ஒண்ணும் வர்றதில்ல. ஆராய்ச்சிக்காரங்களே பாப்பா விஷயத்துல ஒத்துப்போகல. ஆனா ராத்திரி ஓட்டுறவன் அந்த எண்ணைத் தெரிஞ்சிக்காம இருக்கக்கூடாது.

*பார்வதி அக்கா, 8:33*
அப்போ வட்டத்தைப் பெருசா வெட்டச் சொல்லிற வேண்டியதுதானே?

*தேவி, 8:40*
சரியான கேள்வி அக்கா. பெருசாக்கினா ஆழம் கூடும். தோராயக் கணக்கு இது: வட்டத்தோட அகலத்தை அதாலேயே பெருக்கி, பவரால பெருக்கி, 3ஆல வகுக்கணும். பவர் 400ன்னா கணக்குக்கு 4. சிலிண்டர் 100ஐயும் சேர்த்து ரூபனுக்கு 5.

6 மி.மீ. வட்டம்: 36 × 5 ÷ 3 = 60 மைக்ரான்.
7 மி.மீ. வட்டம்: 49 × 5 ÷ 3 = ஏறக்குறைய 82 மைக்ரான்.

லேசிக்குங்கிற லேசர் முறையில முதல்ல கருவிழி மேல்பக்கத்துல மெல்லிசா ஒரு மூடி வெட்டித் தூக்குவாங்க, 110 மைக்ரான்னு வை. 520ல 110, 82 போனா 328 மிச்சம். அடியில குறைஞ்சது 250 இருக்கணும், 300 இருந்தா இன்னும் நிம்மதி. மூடியும் சீவலும் சேர்ந்து மொத்தத் தடிப்புல 40 சதவீதத்துக்குள்ள இருக்கணும். இவனுக்கு 37 வருது, சரி.

இதே 520 தடிப்புல பவர் 800 இருக்கிறவருக்கு 7 மி.மீ. வட்டம் போட்டா 131 மைக்ரான் சீவணும். 46 சதவீதம் ஆயிடும், வேணவே வேணாம். கருவிழி பலம் குறைஞ்சு முன்னாடி பிதுங்கும். அந்த மாதிரி ஆளுக்கு 6 மி.மீ.க்குச் சுருக்கினாதான் ஆழம் அடங்கும். சுருக்கினா ராத்திரி வளையம். ரெண்டு பக்கமும் இடி. அவங்களுக்குக் கண்ணுக்குள்ள வைக்கிற ஐ.சி.எல் லென்ஸைப் பத்தி டாக்டர் பேசுவார். அதுலயும் வளையம் வர்றது உண்டு.

ஒவ்வொரு மெஷினுக்கும் கணக்கு கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனா "எத்தனை மி.மீ. வட்டம், எத்தனை மைக்ரான் சீவுறீங்க, எவ்வளவு மிஞ்சும்"னு கேட்டா எண்ணாவே பதில் வரணும்.

*ரூபன், 8:42*
சூடு பட்டு கருகிப் போகாதா அக்கா?

*தேவி, 8:45*
கருகாது தம்பி. எக்சைமர் லேசர், 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். சுடாம, மூலக்கூறுகளோட பிணைப்பை உடைச்சு ஆவியாக்குது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான்தான் போகும். உயிர்த்தசையை இப்படிச் சுத்தமா வெட்டலாம்னு 1981ல ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்துல கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்ல வேண்டிய பேரு.

*மாலா மிசி (நர்ஸ்), 8:52*
எண்ணிக்கை கேட்டா இதைச் சொல்றேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஃப்.டி.ஏ. லேசிக் செஞ்சவங்களையே நேரா கேட்டு எடுத்த ப்ரௌல் ஆய்வுல, முன்னாடி வளையமே தெரியாதவங்கள்ல 40 சதவீதம் வரைக்கும் மூணாவது மாசத்துல வளையம் தெரியுதுன்னு சொன்னாங்க. கண் வறட்சி இல்லாதவங்கள்ல 28 சதவீதம் வரைக்கும் வறட்சி வந்துச்சு. ஆனா அந்தத் தொந்தரவால அன்றாட வேலைக்கே ரொம்பக் கஷ்டம்னு சொன்னவங்க 1 சதவீதத்துக்கும் கீழ. 95 சதவீதத்துக்கு மேல பார்வை திருப்தின்னாங்க. ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிங்க.

பொதுவா முதல் மூணு மாசம் வளையம் அதிகம், ஆறு மாசத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கும். அதுக்கு மேலயும் நின்னா "பழகிரும்"னு உட்காரக்கூடாது, காரணம் தேடணும்.

*பட்டறை குணா, 8:55*
மிசி, அவன் ஓட்டுறதோட நிக்கிறதில்ல. ஏத்தும்போது மட்டை, முள், செம்பனைத் தூசி எல்லாம் முகத்துல அடிக்கும். வெட்டுற பிள்ளைங்களுக்கு இன்னும் மோசம். அது கண்ணை என்ன பண்ணும்?

*மாலா மிசி, 9:03*
இதைத்தான் சொல்ல வந்தேன் அண்ணே. லேசிக்ல தூக்குன மூடியைத் தையல் போடாம திரும்ப மூடி வைக்கிறாங்க. ஓரம் ஒட்டும், ஆனா பழைய பலம் வராது. வருஷக்கணக்கு கழிச்சு மட்டையோ விரலோ குத்தி மூடி நகர்ந்த கேஸ் மருத்துவப் பதிவுல இருக்கு. மூடி சுருங்கினாலே வெளிச்சம் இழுத்து இழுத்துத் தெரியும்.

தோட்ட வேலைக்கு மூடி இல்லாத முறையைக் கேளுங்க. பி.ஆர்.கே.ல மேல்தோலை மட்டும் எடுத்துட்டு சீவி, பேண்டேஜ் லென்ஸ் போட்டு விடுவாங்க. மூணு நாலு நாள் நல்லாவே வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்காகும், லீவு கூட வேணும். வெயில் படாம சில மாசம் கருப்புக் கண்ணாடி கட்டாயம். இல்லாட்டி புகை மாதிரி படலம் வந்து, அதுவே ராத்திரிக் கூச்சத்துக்குக் காரணமாகும். ஸ்மைல் முறையில 2லிருந்து 4 மி.மீ. துளை வழியா உள்ளிருந்து ஒரு துண்டை உருவுறாங்க. அதுலயும் மூடி கிடையாது.

எது செஞ்சாலும் வேலையில பாதுகாப்புக் கண்ணாடி போடணும். செடி, மட்டை கீறின கண்ணுல பூஞ்சை பிடிச்சா லேசரை விடப் பெரிய ஆபத்து.

*பார்வதி அக்கா, 9:05*
ஐயோ, அவன் எப்பவும் கண்ணைக் கசக்குவானே!

*தேவி, 9:06*
அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க அக்கா. கசக்குற கண்ணுல கருவிழி கூம்பாகுற நோய் ஒளிஞ்சிருக்கலாம். கருவிழி வரைபடம் எடுத்தாதான் தெரியும். அது இருந்தா லேசிக் கூடவே கூடாது. அலர்ஜிக்கு மருந்து போட்டு அடக்கிட்டுத்தான் மத்ததெல்லாம்.

*ரூபன், 9:10*
சரி அக்கா, செஞ்சுட்டு வளையம் வந்துச்சுன்னா காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

*தேவி, 9:21*
வண்டியை நிறுத்திட்டு, தூரத்துல ஒரு ரோட்டு விளக்கைப் பாரு. ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு கண்ணா.

கண் இமைச்சதும் ஒரு நிமிஷம் தெளியுது, சொட்டு விட்டா தெளியுது: வறட்சி. ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் ஒழுங்கா விடணும். பல பேருக்கு ராத்திரித் தொல்லை இதுலயே குறையும், முதல்ல இதைச் சரி பண்ணு.

கேபின் லைட்டைப் போட்டதும் வளையம் சின்னதாகுது: பாப்பா விரியுறதுதான் காரணம்.

கடையில 50 மைனஸ் லென்ஸ் வச்சுப் பாத்தா தெளியுது: மிச்சப் பவர். ராத்திரி ஓட்ட மட்டும் ஒரு கண்ணாடி போதும். இருட்டுல கண்ணு தானாவே கொஞ்சம் கிட்டப்பார்வைக்குப் போகும், அதனால பகல்ல தெரியாத 50 ராத்திரியில தெரியும்.

ஒரே பக்கம் வால் மாதிரி நிழல், ரெட்டை உருவம்: லேசர் நடுவுல விழாம விலகியிருக்கலாம், இல்ல மூடி சுருக்கம். வரைபடம் எடுக்கணும்.

மாசத்துக்கு மாசம் மோசமாகுது: தள்ளிப் போடாம கண் டாக்டர்.

வானவில் நிறத்துல வளையம், கண்ணு சிவந்து வலி, வாந்தி: அது கண்ணழுத்தம். ராத்திரியோ பகலோ நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

*மாலா மிசி, 9:25*
பாப்பா விரியுறதுக்குப் ப்ரிமோனிடின்னு கண்ணழுத்தச் சொட்டு மருந்து இருக்கு. இருட்டுல பாப்பா விரியுறதைச் சில மணி நேரம் குறைக்கும். ஓட்டுறதுக்கு முன்னாடி விடச் சொல்லி சில டாக்டர் கொடுப்பாங்க. தூக்கம் வரவைக்கக்கூடியது, லோரி ஓட்டுறவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. ஸ்டீராய்டு சொட்டும் அப்படித்தான், மிச்சம் இருக்குன்னு எடுத்து விடாதீங்க, கண்ணழுத்தம் ஏறும்.

*ரூபன், 9:27*
பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மஞ்சள் கண்ணாடி விக்கிறாங்களே, ராத்திரி ஓட்டத்துக்குன்னு?

*தேவி, 9:28*
வேணாம். எதிர் லைட்டைக் குறைக்கிற மாதிரி இருக்கும், ஆனா ஓரமா நடக்கிற ஆளைக் காட்டுற வெளிச்சத்தையும் சேர்த்துக் குறைச்சிரும்.

*பட்டறை குணா, 9:33*
தம்பி, கண்ணை மட்டும் குத்தம் சொல்லாத. லோரி முன்கண்ணாடிக்கு உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி படிஞ்சிருக்கும், வெளியே கழுவினாப் போகாது. உள்ளே சுத்தத் துணியால ரெண்டு தடவை துடை. வைப்பர் ரப்பர் தேஞ்சு கோடு போட்டா ஒவ்வொரு லைட்டும் நட்சத்திரமாத்தான் தெரியும். லைட் மூடி மஞ்சள் பூத்திருந்தா பாலிஷ் போட்டுக்கலாம். இதைச் செஞ்சிட்டு அப்புறம் வளையத்தை எண்ணு.

*தேவி, 9:38*
அண்ணே சொன்னது ரொம்ப சரி. ரூபன், இன்னும் ரெண்டு. லேசருக்கு முன்னாடி எடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் பத்திரமா வை, வீட்டுல ஒரு நகல். வயசான காலத்துல கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்குப் போட அது வேணும். கருவிழி மெலிஞ்ச கண்ணுல கண்ணழுத்தம் உண்மையை விடக் குறைச்சுக் காட்டும், அதனால எந்த டாக்டரைப் பாத்தாலும் லேசர் செஞ்சேன்னு சொல்லணும்.

40 வயசு தாண்டினவங்க யாராவது கேக்குறீங்கன்னா, ஒரு கண்ணைக் கிட்டக்கவும் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் வைக்கிற முறையை ராத்திரி ஓட்டுறவங்க எடுத்தா ஓட்டும்போது கண்ணாடி போட வேண்டிவரலாம்.

*பார்வதி அக்கா, 9:41*
நல்லா விளங்குது மா. பாப்பா அளவு எடுக்க உங்க கடைக்கு வரட்டுமா?

*தேவி, 9:43*
வாங்கக்கா, சாயங்காலமா. ஆனா இவன் சில நேரம் கண்ணாடிக்குப் பதிலா சிலிண்டர் காண்டாக்ட் லென்ஸ் போடுறான்ல? இன்னைக்கே கழட்டி வைக்கச் சொல்லுங்க. லென்ஸ் அழுத்தி கருவிழி வடிவம் மாறியிருக்கும். கிளினிக்ல கடைசி அளவு எடுக்கறதுக்கு முன்னாடி மூணு வாரமாவது கண்ணாடியோட இருக்கணும்.

*ரூபன், 9:44*
கழட்டிட்டேன் அக்கா. ஈப்போ அப்பாயிண்ட்மெண்டை ஒரு மாசம் தள்ளி வைக்கிறேன்.