வாவிக்குள் இறங்கித் தூண்டில் போடுவோர்: காலடியில் கிடப்பவை பற்றிய அனுபவப் பகிர்வு

மண்முனைப் பக்கமிருந்து:

மட்டக்களப்பு வாவிக்குள் இறங்கி நின்று கொடுவா மீனுக்குத் தூண்டில் எறியும் பொடியன்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். றொட், ரீல், செயற்கை இரை பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்ற பேச்சுத்தான் இல்லை. தெரிந்தவர்கள் அவரவர் பக்கத்து நிலவரத்தை எழுதுங்கள். நான் சேற்றில் தொடங்குகிறேன்.

அடித்தரை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை அண்டி மணல். உள்ளே போகப் போகச் சாம்பல் நிறக் களி. கண்ணா (சதுப்புநில மரம்) பற்றைகளுக்கு முன்னால் கறுத்த சுரி, அதாவது இளகிய சேறு. கிளறினால் கூழ்முட்டை மணக்கும். அந்த மணம் வந்தாலே அடி இறுகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணா வேர் பரவிய இடம் பார்க்கத்தான் பயம். வேர் சேற்றைப் பிடித்து வைத்திருக்கும், முனை மட்டும் மெல்லிய செருப்பைத் துளைக்கும். ஆளை இழுப்பது அதற்கு முன்னால் உள்ள வெறும் சேறு. ஆறுகள் வந்து விழும் வாய்களில் ஒவ்வொரு மாரியிலும் புது வண்டல் படியும். போன வருடம் நடந்த தடத்தை நம்பி இந்த வருடம் நடக்கக் கூடாது.

கையில் தடி இல்லாமல் இறங்காதீர்கள். ஐந்தரை அடி மூங்கில் போதும். அடிப்பக்கத்தைக் கணுவோடு வெட்டுங்கள். கணு இல்லாவிட்டால் சேறு துவாரத்துக்குள் ஏறி, தடியை உருவுவதே பெரும்பாடாகும். முன்னால் ஊன்றித் தரை தட்டுப்படும் இடத்தைக் கையால் குறித்துக்கொண்டு, ஒரு கைப் பாரத்தில் அழுத்துங்கள். அதன் பிறகு எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் சேற்றின் ஆழம். ஒரு சாண் என்றால் நடக்கலாம். ஒரு முழம் இறங்கினால் திரும்புங்கள், முன்னால் மீன் எவ்வளவு துள்ளினாலும் சரி.

புதைந்த கால் வராததற்குக் காரணம் உறிஞ்சல். காலைத் தூக்கும்போது பாதத்தின் கீழே வெற்றிடம் உண்டாகிறது, சேறு அதை விடாது. பலம் போட்டு இழுத்தால் மற்றக் கால் இன்னும் இறங்கும். செய்ய வேண்டியது: முதலில் நில்லுங்கள். தடியைப் படுக்கையாகப் பிடித்துப் பாரத்தை அதில் கொடுங்கள். பிறகு புதைந்த காலின் குதியை மட்டும் சிறிது சிறிதாக முன்பின்னாக ஆட்டுங்கள். காலோரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், சேறு இளகும். அப்போது, குதி முதலிலும் விரல் பிறகுமாக, மெல்ல எடுங்கள். தண்ணீர் தொடை மட்டத்தில் இருந்து, உயிர்காப்பு அங்கியும் போட்டிருந்தால் பின்பக்கமாகச் சாய்ந்து மிதப்பது இன்னும் நல்லது. முன்னால் விழுந்தால் முகம் தண்ணீருக்குள், கால் சேற்றுக்குள். தொடைக்கு மேல் தண்ணீருள்ள இடத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். உதவிக்கு வருபவர் கிட்ட வரக் கூடாது. தூர நின்று கயிறோ தடியோ நீட்டட்டும், அல்லது தோணியைக் கொண்டுவரட்டும்.

காலுக்கு, கணுக்கால் மூடும் கன்வஸ் சப்பாத்தை இறுக்கிக் கட்டுங்கள். முழங்கால் வரை வரும் றப்பர் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஏறினால் அது பாரம், சேற்றில் அது நங்கூரம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி சேற்றைச் சொல்லிவிட்டார், நான் திருக்கையைச் சொல்கிறேன். திருக்கை கறுத்த சுரியில் அவ்வளவாகக் கிடக்காது. மணலும் சேறும் கலக்கும் ஓரங்களில், வெயிலில் சூடேறிய முழங்காலளவு தண்ணீரில், மேலே மண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அது தேடி வந்து குத்தும் மீன் இல்லை. முதுகில் மிதித்தால் வால் மேலே வளைந்து அடிக்கும். முள் படுவது கணுக்காலில், பாதத்தின் பக்கவாட்டில். அதனால் தடித்த அடி போட்ட சப்பாத்து மட்டும் காப்பாற்றாது.

பாதத்தைத் தூக்காமல் தரையோடு உரசி நகர்த்துங்கள். அசைவு பட்டதும் அது எழுந்து போய்விடும். பாதம் உரசிப் போக முடியாத அளவு சேறு இருந்தால், தடியால் முன்னாலும் இரண்டு பக்கமும் குத்திவிட்டுக் கால் வையுங்கள். இறங்கும்போது எல்லாரும் கவனம். மீன் கிடைத்த சந்தோசத்தில் கரைக்குத் திரும்பும்போதும், தோணியில் இருந்து குதிக்கும்போதும்தான் மறந்துபோகிறார்கள்.

குத்தினால் கரைக்கு வந்து, காயத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, இரத்தம் ஓடினால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வையுங்கள். 45 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது, 30 முதல் 90 நிமிடம் வரை. சூட்டில் நஞ்சின் வீரியம் குறைந்து வலி இறங்கும். சூட்டைக் குத்துப்பட்டவர் பார்க்கக் கூடாது, வலியில் அவருக்கு அளவு தெரியாது. பக்கத்தில் இருப்பவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுபோவது நல்ல பழக்கம். ஒரு பங்கு சுடுதண்ணீருக்கு இரண்டு பங்கு குடிதண்ணீர் கலந்து, சூட்டைப் பார்த்து வையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி வந்ததென்றால் மூன்று பங்கு. அது ஆறியதும் கிட்ட உள்ள தேநீர்க்கடையில் கேளுங்கள்.

வலி நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முள்ளில் பின்நோக்கிய அரம் உண்டு, துண்டு உள்ளே முறிந்து கிடக்கும். ஏற்புத்தடை (ரெற்றனஸ்) ஊசியும் பார்க்க வேண்டும். நெஞ்சு, வயிறு, கழுத்தில் ஏறிய முள்ளை நீங்கள் உருவவே கூடாது. கெளுத்தி முள்ளுக்கும் இதே சுடுதண்ணீர்தான். அதற்கு முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக மூன்று முள். தூண்டிலில் இருந்து கையால் கழற்றாமல் குறடு பாவியுங்கள்.

கல்லடியிலிருந்து:

அக்கரைப்பற்று நானா சொன்னது அத்தனையும் இங்கேயும் பொருந்தும். நான் தண்ணீரைப் பற்றிச் சேர்க்கிறேன். வேறு நாட்டு வீடியோ பார்த்து வற்றுப்பெருக்கு நேரம் கணக்குப் பார்ப்பது எங்கள் வாவிக்கு அவ்வளவு உதவாது. கடலிலேயே ஏற்றத்தாழ்வு பொதுவாக இரண்டு அடிக்குள்தான், வாவிக்குள் இன்னும் குறைவு. இங்கே தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது மழை, காற்று, முகத்துவாரம் மூன்றும்.

மாரியில் பாலமீன்மடு முகத்துவாரம் உடைத்துக்கொண்டாலோ வெட்டிவிடப்பட்டாலோ, வாவித் தண்ணீர் அந்த ஒடுங்கிய வாயால் கடலுக்குப் பாயும். அந்த நாட்களில் வாய்க்குக் கிட்ட மணல் திட்டில் நிற்காதீர்கள். ஓட்டம் திட்டின் அடியை அரித்துவிடும், மேலே நிற்பவரோடு சேர்ந்து திட்டு சரியும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்த செய்தி வந்தால் தென்பக்கம் இறங்குவதையும் விட்டுவிடுங்கள். நகரத்தில் வெயில் எரிந்தாலும் மேற்கே பெய்த மழை வந்து சேரும். முழங்காலளவு தண்ணீரே ஓட்டமாக இருந்தால் ஆளைத் தள்ளும். பக்கவாட்டாக நின்று, தடியை ஓட்டம் வரும் திசையில் ஊன்றி, கரையை நோக்கிச் சரிவாக வெளியேறுங்கள்.

இடி கேட்டால் தாமதிக்கக் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது எண்ணி முடியாவிட்டால் உடனே கரை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை இறங்க வேண்டாம். காபன் றொட் மின்சாரத்தைக் கடத்தும், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்.

வாழைச்சேனையிலிருந்து:

ஒருவரும் முதலையைச் சொல்லவில்லையே. விடியலிலும் மைம்மலிலும் இருட்டிலும் பற்றை ஓரத்தில் இறங்கக் கூடாது. மீன் கோர்த்த கயிற்றை இடுப்பில் கட்டுவதை நிறுத்துங்கள். பறியை ஒரு ரியூப்பில் மிதக்கவிட்டு, இரண்டு பாகம் (பன்னிரண்டு அடி) நீளக் கயிற்றில், ஒரே இழுவையில் அவிழும் முடிச்சுப் போட்டுப் பின்னால் இழுத்து வாருங்கள். மீன் கழுவிய குடலைத் தண்ணீருக்குள் எறியாதீர்கள்.

கத்தியும் வேண்டும். அறுந்த தங்கூசி (நைலோன் இழை) வலை சேற்றுக்குள் கிடந்து காலைச் சுற்றும், கண்ணுக்கே தெரியாது. கத்தி நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். குனிந்து இடுப்பில் தேடும்போதுதான் ஆள் விழுகிறது.

கல்முனையிலிருந்து, தாதியப் பக்கத்துப் பார்வையில்:

ஊரி வெட்டு, சிப்பி ஓட்டுக் கீறல் என்று சின்னக் காயமாக வருவதை ஆண்கள் மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். சூடான உவர்நீரில் விப்ரியோ என்ற கிருமி வாழும். நீரிழிவு, ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அது ஒரே நாளில் உயிராபத்தாகலாம். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலி, கருநீலக் கொப்புளம், காய்ச்சல்: இதில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காயம் உப்புத் தண்ணீரில் பட்டது என்று வைத்தியரிடம் வாயால் சொல்லுங்கள், மருந்துத் தெரிவே அதனால் மாறும். ஆறாத புண்ணோடு இறங்க வேண்டாம்.

வயல் தண்ணீர் வந்து விழும் பக்கம், வெள்ளத்துக்குப் பிறகு இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

மண்முனையிலிருந்து மறுபடியும்:

நன்றி அக்கா. 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் பற்றி ஒன்று. வண்டி றோட்டால்தான் வரும், கண்ணாப் பற்றைக்குள் வராது. இறங்குவதற்கு முன்பே வீட்டில் ஒருவருக்குக் கிட்ட உள்ள கோயில், பள்ளிவாசல் அல்லது பாலத்தின் பெயர், ஒழுங்கையின் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் அனுப்பிவிடுங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், உறைக்குள் கொஞ்சம் காற்று அடைபட்டிருந்தால் விழுந்தாலும் மிதக்கும்.