துணிப் பரிசோதனைக் கூடத்துக்கு எந்த ஏசி அமைப்பு? ஆலோசனை தேவை

வணக்கம். திருப்பூரில் பழைய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கிறோம். கீழே துணிப் பரிசோதனைக் கூடம், மேலே அலுவலகம். ஏசி விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அலுவலகத்துக்கு விஆர்எஃப் (ஒரே வெளி யூனிட்டில் பல அறைகளுக்கு ஓடும் ஏசி) போதும் என்று நினைக்கிறேன். சிக்கல் கூடத்தில்தான். துணிச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 139 படி, சோதனைக்கு முன் துணியை வைத்துப் பதப்படுத்தும் அறை 20 டிகிரியிலும் (±2) 65 சதவீத ஈரப்பதத்திலும் (±4) இருக்க வேண்டும், இரவிலும்கூட. மழைக்காலத்தில் அந்த ஈரத்தைப் பிழிய, காற்றைச் சுமார் 13 டிகிரிக்குக் குளிர்வித்து மறுபடி சூடேற்ற வேண்டும். "திருப்பூர் வெயிலுக்கு ஹீட்டரா?" என்று முதலாளி சிரிக்கிறார். மின்சார ஹீட்டர் வைத்தால் கரண்ட் பில் எகிறும். கம்ப்ரசர் வெளியே தள்ளும் சூட்டையே இதற்குத் திருப்பிவிடலாம் என்கிறார்களே, யாராவது செய்திருக்கிறீர்களா? பராமரிப்பு எப்படி?

பக்கத்து அறையில் சாயப் பரிசோதனைக்கு இரண்டு ஃபியூம் ஹுட் (ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டு). அவை ஓடினால் குளிர்ந்த காற்றெல்லாம் வெளியே போய்விடும். ஈடாக வெளிக்காற்றைக் குளிர்வித்து உள்ளே விட வேண்டும். ஸ்பிளிட் ஏசியே போதும் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்தார். அதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

கூரை உயரம் ஒன்பதரை அடிதான், டக்டுக்கு (காற்று போகும் குழாய்க்கு) இடம் குறைவு. கூடம் முழுவதற்கும் மொட்டை மாடியில் சின்ன சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) ஒன்று வைப்பதா, அறைக்கு ஒரு தனி யூனிட்டா? அப்புறம், கரண்ட் போனால் ஜெனரேட்டரில் எதை ஓட்டுவது, எதை விடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.