பதவி உயர்வுக்குக் காத்திருப்பதா, கவுன்சில் தேர்தலில் நிற்பதா?

குறிஞ்சிப்பாடிக்காரன்:
வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக இருக்கிறேன், பதினோரு வருஷம் ஆகிறது. நாமக்கல்லில் படித்தவன். காலையில் சினை ஊசி, சினைப் பரிசோதனை, நடுராத்திரியில் கன்று தலை திரும்பிக் கிடக்கிறது என்று போன், எல்லாம் பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் நடவு மும்முரமாக நடக்கிற வாரத்தில் கோமாரி தடுப்பூசி முகாமுக்குத் தேதி குறித்தால் மாட்டைப் பிடித்துத் தர வீட்டில் யார் இருப்பார்கள்? இதைச் சொல்கிற இடத்தில் நாம் இல்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது. உதவி இயக்குநர், துணை இயக்குநர், இணை இயக்குநர் என்று சீனியாரிட்டியில் போவது ஒரு வழி. சங்கப் பொறுப்பு, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் தேர்தல் என்று போவது இன்னொன்று. எது உருப்படியானது? வீட்டில் கேட்டால் "பயணப்படி பில்லையே ஒழுங்காக எழுத மாட்டீர்கள், இதில் தலைமை வேறா" என்கிறாள்.

முதுநகர் ரிட்டயர்டு:
தம்பி, வீட்டில் சொன்னதுதான் சரியான ஆரம்பம். மேலே போனால் உங்கள் கையில் ஸ்டெதாஸ்கோப் இருக்காது, கோப்புதான் இருக்கும். மருந்து இருப்பு, தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில், யாராவது ஒருவர் மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை, இதிலேயே பாதி நாள் போய்விடும். எனக்கு அது பிடித்திருந்தது, பலருக்குப் பிடிக்காது.

2011 டிசம்பர் 30 தானே புயல் ஞாபகம் இருக்கும். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து ரோட்டில் கிடந்தன, கரண்ட் இல்லை, போன் இல்லை. செத்த மாட்டுக்கு நிவாரணம் வாங்க நம் சான்று வேண்டும், அதற்காக மருந்தக வாசலில் ஜனம் நிற்கிறது. வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு, தப்பில்லை. ஒரு பையன் மட்டும், சர்வீஸில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட இருக்காது, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஊர்வாரியாகக் கோடு போட்டு, கிராம நிர்வாக அலுவலரையும் கூட்டிக்கொண்டு பைக்கில் போய்ப் பார்த்து எழுதினான். மூன்றாம் நாள் மேலே இருந்து கணக்குக் கேட்டபோது கையில் கணக்கு இருந்தது அவனிடம் மட்டும்தான். அப்புறம் எந்தக் கூட்டம் என்றாலும் அவனைக் கூப்பிட்டார்கள், சீனியாரிட்டி பட்டியலில் அவன் எங்கேயோ கடைசியில் இருந்தான். நடவு விஷயத்தை நீங்களும் ஊர்வாரியாக ஒரு தாளில் எழுதி, எந்த ஊரில் எந்த வாரம் ஆள் இருக்கும் என்று முகாமுக்கு ஒரு மாசம் முன்னால் உதவி இயக்குநர் மேசையில் வையுங்கள். வாயால் சொன்னால் புலம்பல் என்று போய்விடும்.

லாஸ்பேட்டை டாக்டர்:
நான் குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு பாண்டியில் தனியாக கிளினிக் வைத்திருக்கிறேன், நாய் பூனைதான் அதிகம், அதனால் பதவி உயர்வு பற்றி எனக்குத் தெரியாது. கவுன்சில் பற்றிச் சொல்கிறேன். 1984 கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அகில இந்தியக் கவுன்சிலில் 11 பேரையும் மாநிலக் கவுன்சிலில் 4 பேரையும் பதிவு பெற்ற மருத்துவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். இணை இயக்குநர் ஓட்டும் நேற்று இன்டர்ன்ஷிப் முடித்துப் பதிவு செய்த பெண்ணின் ஓட்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று சார், கவுன்சில் பார்ப்பது பதிவேடு, நடத்தை விதி, படிப்பின் தரம் மாதிரி விஷயங்களை. முகாம் தேதியை அது குறிக்காது. போலி டாக்டர் ஊசி போடுகிறான் என்பது உங்கள் கோபமாக இருந்தால் நில்லுங்கள், நடவு வாரம்தான் கோபம் என்றால் தப்பான கதவைத் தட்டுகிறீர்கள்.

விருதை மேகலா:
இரண்டு பேரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதவி உயர்வு என்றால் பெரும்பாலும் ஊர் மாற்றமும் சேர்ந்துதான் வரும். என் பேட்ச் தோழி ஒருத்தி பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு என்று தனக்கு வந்த உயர்வையே விட்டுக்கொடுத்தாள். அவள் திறமை குறைந்தவள் இல்லை, எருமைக்குக் கருப்பை முறுக்கல் என்றால் நாங்களே அவளுக்குத்தான் போன் போடுவோம். மேலே பெண்கள் ஏன் குறைவு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த மாறுதல் ஆணையையும் ஒரு தடவை வாசிக்கலாம். அண்ணா, உங்கள் வீட்டில் இதைப் பேசிவிட்டீர்களா? துறைத் தேர்வு ஏதாவது பாக்கி இருந்தால் அதை முதலில் முடியுங்கள், டிஎன்பிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது. பேனல், அதாவது பதவி உயர்வுப் பட்டியல், வரும் நேரத்தில் அதற்காக ஓடாதீர்கள்.

குறிஞ்சிப்பாடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன தாளை இன்று சாயங்காலமே ஆரம்பித்தேன், பதினேழு ஊரில் ஆறு ஊர் முடிந்தது, பால் சொசைட்டியில் உட்கார்ந்தால் சுலபமாகக் கேட்டு எழுத முடிகிறது. மாறுதல் பற்றி வீட்டில் பேசவில்லை மேடம், பேச வேண்டும். அப்புறம் கவுன்சில் என்றதும் என் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஐந்து வருஷப் புதுப்பிப்பு, காலாவதியாக இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. தேர்தலில் நிற்கிறவன் லட்சணம்!