அம்மாவின் விழித்திரைக்கு லேசரா, ஊசியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். இப்போது வலது கண்ணில் கறுப்பு நூல் நூலாக மிதக்கிறது என்கிறார். பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே நகர்கிறதாம். பரிசோதித்ததில், விழித்திரையில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்து, ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. ஆக்சிஜன் போதாத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, அதுதான் இந்த வலுவில்லாத குழாய்களை வளர்க்கிறதாம்.

டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். லேசர் வைத்தால் பலன் நீடிக்கும், ஆனால் ஓரப்பார்வையும் இரவுப்பார்வையும் கொஞ்சம் குறையலாம். இன்னொன்று, அந்தப் புரதத்தைத் தடுக்கக் கண்ணுக்குள் போடும் ரானிபிசுமாப், பெவாசிசுமாப் வகை மருந்து ஊசி. தொடக்கத்தில் மாதாமாதம் போட வேண்டும்; நடுவில் விட்டால் குழாய்கள் மறுபடி வளரும். எனக்கு இதுதான் பெரிய பயம். அம்மாவை அழைத்துப்போக நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறதா? லேசருக்குப் பிறகு இருட்டில் நடமாட முடிகிறதா? இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். கண்ணில் ஊசி என்றதுமே அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள் என்று சொல்லியும் நம்பவில்லை. போட்டுக்கொண்டவர்கள் சொன்னால் நம்புவார். அடுத்த வாரம் டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும்.