புதுப்பிப்பு: லெவல் டிசைனர் (வீடியோ கேமில் ஆடும் இடங்களை வடிவமைப்பவர்) வேலை கிடைத்துவிட்டது

போர்ட்ஃபோலியோவில் கண்ணைப் பறிக்கும் காட்சிகளை வைப்பதா, சாம்பல் நிறப் பெட்டிகளால் கட்டிய பிளாக்அவுட்டை (அலங்காரம் இல்லாத முதல் மாதிரியை) வைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பிளாக்அவுட் என்று சொன்னவர்களுக்கு நன்றி.

நேர்காணலில் அழகைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 1996-இல் வந்த குவேக் விளையாட்டுக்கு டிரெஞ்ச்புரூம் என்ற லெவல் எடிட்டரில் நான் செய்த குட்டி மேப்பை (லெவலை)த் திறந்து, "இந்தக் கதவு ஏன் இங்கே?" என்றுதான் குடைந்தார்கள்.

இப்போது வேலையில் பெரும்பகுதி பிளேடெஸ்ட் பார்ப்பது, அதாவது மற்றவர்கள் லெவலை ஆடிப் பார்ப்பதைக் கவனிப்பது. பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கொடுமை! ஒரு அறையில் வெளியேறும் வழி மேலே இருந்தது. ஆடியவர்கள் யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கீழே சுவரைத் தடவிக்கொண்டு சுற்றினார்கள். அம்புக்குறி போடச் சொன்னார் புரோகிராமர். எனக்கு மனசு வரவில்லை. உள்ளே நுழைந்ததுமே மேல்வாசல் கண்ணில் படும்படி படிக்கட்டைத் திருப்பி, விளக்கையும் அங்கே நகர்த்தினேன். அடுத்த டெஸ்டில் நேராக ஏறிப் போனார்கள்.

ஆங், கேமில் ஆடும் பாத்திரம் குதிக்கும் உயரம் முடிவாகும் முன் மேப்பை மெருகேற்றாதீர்கள். அந்த ஒரு எண்ணைக் குறைத்தால் பாதி மேடைகள் எட்டாமல் போய்விடும்.

கேம் செய்யும் மென்பொருளில் (எஞ்சினில்) அன்ரியலா யூனிட்டியா என்று கேட்டவருக்கு: எதுவானாலும் சரி, ஒரு லெவலை முழுசாக முடித்துக் காட்டுங்கள்.